திரும்பி வந்தவை

ஔலு நகரத்தில் ஜனவரி.
மூன்று மணிக்கு மேல்
கடை விளக்குகள்தான் சூரியன்.
வாங்கியதைத் திருப்பித் தருகிறவர்களுக்கென்று
பின்னால் ஒரு மேசை உண்டு, அது என்னுடையது.
விற்கிறவனுக்குச் சிரிக்கத் தெரிந்தால் போதும்.
எனக்குப் பெட்டியை முகர்ந்து பார்க்கவும் தெரிய வேண்டும்.

பிர்க்கா என்றொருவன்
ஒரே ப்ராசசரில் நான்கு வாங்கிப் போனான்.
ஒரே பெயர், ஒரே எண், ஒரே விலை.
பன்னிரண்டாம் நாள்
மூன்றைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான்.
"பழுதா?" என்றேன்.
"இல்லை. சுமார்."
நான்காவது மட்டும்
ஐந்து புள்ளி ஐந்து கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கிறதாம்.
சொல்லும்போது
பெண் பார்த்துவிட்டு வந்தவன் முகம் அவனுக்கு.

எல்லாம் ஒரே தகட்டில் வெந்தவையாகக்கூட இருக்கலாம்.
ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில்.
மூடியின் விளிம்பில்
நகக்கண் அளவு சாம்பல் பசை.
ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன்.
திறந்த பெட்டி, நாற்பது யூரோ குறைவு
என்று எழுதி ஒட்டினேன்.

ஹெல்கா வந்தது ஒரு புதன்கிழமை காலை.
விடிய விடிய நெடுஞ்சாலையில் பனி தள்ளிவிட்டு
லாரியைக் கடை வாசலிலேயே நிறுத்தியிருந்தாள்.
பகலில் தூக்கம் வராதாம்.
கார்ப் பந்தயம் ஆடுகிறாளாம் திரையில்,
அங்கேயும் பனியில்.

"எட்டு கோர் எடுத்தால் வேகமா?"
"உங்கள் ஆட்டத்துக்கு ஆறு போதும்.
மிச்சம் இரண்டும் சவுனாவுக்குள்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும்."
"வேகத்தை ஏற்றலாமா?"
"பூட்டில்லாத ரகம், ஏற்றலாம்.
எதுவரை என்பது அதனதன் தலையெழுத்து."

நாற்பது குறைந்த பெட்டியைக் கையில் எடுத்தாள்.
"இதை ஏன் திருப்பினார்கள்?"
'வாடிக்கையாளர் மனம் மாறினார்' என்று
சொல்லச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.
தூக்கமில்லாத அந்தக் கண்ணைப் பார்த்து
வாய் தவறி உண்மை வந்தது:
"இதைவிட நல்லது ஒன்று அவரிடம் இருந்தது."
"அவ்வளவுதானா" என்றாள்.
கார்டைத் தட்டினாள்.

மூன்று வாரம் கழித்து
ஒரு மின்விசிறி வாங்க வந்தாள்.
கேட்காமல் இருக்க முடியவில்லை.
"எதுவரை போகிறது?"

கையுறையைக் கழற்றினாள், மெதுவாக, விரல் விரலாக.
ஐந்து புள்ளி மூன்றில்
வளைவொன்றின் நடுவே படம் உறைந்து போனதாம்.
வோல்டேஜைக் கூட்டினாளாம். சூடு தொண்ணூற்றாறு.
பால்கனிக் கதவைத் திறந்துவைத்தாளாம்,
வெளியே மைனஸ் இருபத்தேழு.
பூனை சண்டைக்கு வந்ததாம்.
"பிறகு இரண்டு படி இறக்கிவிட்டேன்."

"இறக்கிவிட்டீர்களா?"

"லாரிக் கத்தியை ரோட்டில் வைத்து அழுத்தினால் பொறி பறக்கும்.
பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.
விடிந்தால் கத்தியும் இருக்காது,
ரோட்டின் வெள்ளைக் கோடும் இருக்காது.
பொறி வரும்வரை இறக்கு. அப்புறம் ஒரு விரல் உயர்த்து.
பதினேழு குளிர்காலம் அந்த ஒரு விரலில்தான்."
விசிறிக்குப் பையும் வேண்டாமென்று போய்விட்டாள்.

என் வீட்டுக் கணினி
நவம்பரிலிருந்து நாலு நாளுக்கொருமுறை செத்துப் பிழைக்கிறது.
இதுவரை மெமரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
அன்றிரவு அமைப்புகளைத் திறந்தேன்.
ஐந்து புள்ளி நான்கு.
அந்த எண்ணை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
அம்புக்குறி விசைமேல் கையை வைத்துக்கொண்டு
காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிர்க்கா வந்தான்.
ஒரே ஒரு பெட்டி.
முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை,
திறந்ததுமே கருகல் போலொரு வாடை,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
ஐந்து புள்ளி ஐந்துக்கு என்ன வோல்டேஜ் கொடுத்தாய் என்று
நான் கேட்கவில்லை.
ரசீது முப்பத்தேழு நாள் பழையது.

"பழுதா?" என்றேன்.
கொஞ்ச நேரம் தரைவிரிப்பைப் பார்த்தான்.
அவன் பூட்ஸிலிருந்து பனி உருகிக்கொண்டிருந்தது.
"இல்லை" என்றான். "சுமார்."